வெள்ளிக்கிழமைக் குப்பை

அம்மாடி, அந்தக் கடலைத் தொலியை ஜன்னல் வழியாத் தட்டாத. இந்தா, இந்தக் கவர்ல போடு. என் மடியிலதான இருக்கு, இருந்துட்டுப் போகட்டும். சாத்தூர் வரைக்கும் நான் வச்சுக்கிடுதேன். ஏன் அப்படிப் பாக்குற? யாரோ புத்தி சொல்லி நான் திருந்திட்டேன்னு நினைச்சுக்கிடாத. எனக்குப் புத்தி சொல்ற ஆளு இன்னும் பொறக்கலை. ஒருத்தி சொல்லிப் பாத்தா. ஆப்பிரிக்காவுல.

ஆமா, ஆப்பிரிக்காவேதான். தான்சானியான்னு நாடு, தாரெஸ்ஸலாம்னு கடற்கரை ஊரு. எங்க வீட்டுக்காரரு சிவகாசியில பிரஸ்ல மிஷின் ஓட்டுனவரு. அங்கன ஒரு குஜராத்தி முதலாளி நோட்டுப்புத்தகம் அடிக்கிற கம்பெனி வச்சிருக்காரு. மிஷின் தெரிஞ்ச ஆளு வேணும்னு இவரைக் கூட்டிட்டுப் போனாரு. மகளைக் கட்டிக்குடுத்த கையோட நானும் பின்னாலயே போயிட்டேன். இப்ப மக பிரசவத்துக்கு வந்திருக்கேன். ஆப்பிரிக்கான்ன உடனே எல்லாரும் சிங்கம் பாத்தியா, யானை பாத்தியான்னு கேக்காங்க. நான் பாத்தது காக்காதான். நம்ம ஊருக் காக்கா, அதே கழுத்து, அதே திருட்டு முழி. என்னைய மாதிரியே எப்பவோ போய் இறங்கியிருக்கு.

எங்க வீடு இருக்கிற இடத்தைச் சொல்லிடுதேன், அப்பத்தான் கதை புரியும். மேட்டுல ரோடு. ரோட்டுலருந்து ஒரு சந்து கீழ இறங்கும். ரெண்டு பக்கமும் தகரக் கூரை வீடுக, ஒண்ணோட தோளு ஒண்ணு இடிச்சுக்கிட்டு. இறங்கி இறங்கி அடியில ஒரு ஓடை. மழைத் தண்ணி, வீட்டுத் தண்ணி எல்லாம் அதுலதான் போகணும். சந்தோட தலைமாட்டுல, ரோட்டை ஒட்டி, கம்பெனி குடோன். அதுக்குப் பக்கத்துல ரெண்டு ரூம்பு, அதுதான் எங்களுக்கு. அந்தச் சந்துலயே காரை வீடு எங்களதுதான்.

குப்பை லாரி ரோட்டோட நின்னுடும். சந்துக்குள்ள அது நுழையாது, ஆட்டோவே நுழையாது. முன்னாடியெல்லாம் அவங்கவங்க குப்பையை ஓடையிலதான் கொட்டியிருக்காங்க. மழை வந்தா ஓடை அடைச்சுக்கிடும், தண்ணி வீட்டுக்குள்ள வரும், பின்னாலயே காலரா வரும். பெறவு சந்துப் பொம்பளைக கொஞ்சம் பேரு சேந்து ஒரு தள்ளுவண்டி வாங்கி, வீடு வீடாக் குப்பை எடுத்து, ரோட்டுல இருக்கிற பெரிய இரும்புத் தொட்டியில கொண்டு போட ஆரம்பிச்சிருக்காளுக. வீட்டுக்கு வீடு மாசக் கூலி. அதுல கூரைத் தகரம் மாத்துனா ஒருத்தி, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புனா ஒருத்தி. நல்ல காரியம்தான், நான் இல்லேங்கலை. நான் போறதுக்கு முன்னாடியே நடந்துக்கிட்டிருந்துச்சு.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவி மாமா ரெஹெமா. சிரிக்காத! அங்கன அம்மாவுக்குத்தான் மாமான்னு பேரு. பிள்ளை பேரைச் சேத்துக் கூப்பிடுவாங்க. ரெஹெமாவோட அம்மா, அதனால மாமா ரெஹெமா. என் மக பேரு மதி, அதனால நான் மாமா மதி. முதல் நாளு எங்க வீட்டுக்காரர்கிட்ட, என்னைய மாமான்னு கூப்பிடுதாங்கன்னு சொன்னேன். அந்த மனுசன் இன்னிக்கு வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்காரு.

மாமா ரெஹெமா நல்ல ஆகிருதியான பொம்பளை. வண்டியைப் பிடிச்சா ரெண்டு ஆளு வேலை பாப்பா. பேச்சு கம்மி. பேச்சு கம்மியா இருக்கிறவங்களை எனக்கு ஆகாது, மனசுல என்ன இருக்குன்னே தெரியாது பாத்துக்கோ.

சண்டை எதுல வந்துச்சுன்னா, வெள்ளிக்கிழமையில.

எங்க சந்துக்கு வண்டி வர்றது வெள்ளிக்கிழமை சாயங்காலம். மத்தியானம் தொழுகை முடிச்சு, சாப்பிட்டு, வண்டியை வெறுமனே கீழ ஓடை வரைக்கும் கொண்டு போவாளுக. அங்கனருந்து வீடு வீடா எடுத்துக்கிட்டே மேல ஏறுவாளுக. கடைசி வீடு எங்க வீடு. எங்க வாசலுக்கு வரும்போது சரியா விளக்கு வைக்கிற நேரம். நீயே சொல்லு தாயி. வெள்ளிக்கிழமை விளக்கு வச்சப்புறம் வீட்டுக் குப்பையை வாசல் தாண்டி வெளிய குடுப்பமா? குப்பையோட லட்சுமியும் போயிடுவாளே! எங்க ஆத்தா காலத்துலருந்து கட்டிக் காத்துட்டு வர்றது, கடல் தாண்டினா விட்டுரணுமா?

முதல் வாரமே நான் முடியாதுன்னுட்டேன். "நாளைக்கு வா"ன்னேன்.

"நாளைக்கு விடியக்காலம் லாரி வந்து தொட்டியை எடுத்துட்டுப் போயிடும், மாமா மதி. பெறவு அடுத்த வாரம்தான்"னா.

"அப்ப காலையில வா."

"காலையில கொண்டு போய்த் தொட்டியில போட்டா, சாயங்காலத்துக்குள்ள காக்கா ரோடு பூராம் இழுத்துப் போட்டுரும்."

"அப்ப ஒண்ணு செய். கீழ இறங்கும்போதே முதல்ல என் வீட்டுல எடுத்துக்கோ. ஒரே ஒரு மூட்டை, என்ன பெரிய கனம்?"

அவ வண்டியைப் பாத்தா, சந்தைப் பாத்தா. "உன் மூட்டையை எடுத்தா அடுத்த வீடும் குடுக்கும், அதுக்கு அடுத்த வீடும் குடுக்கும். நான் ரொம்பின வண்டியைக் கீழ கொண்டு போய், ரொம்பின வண்டியை மேல ஏத்தணும்"னா. அவ்வளவுதான், போயிட்டா.

கேட்டியா? ஒரு மூட்டை! லட்சுமிக்காக ஒரு மூட்டை இறக்கிக் கொண்டு போக முடியலை மகாராணிக்கு.

நான் விடுவேனா? பக்காரின்னு ஒருத்தன் ரோட்டுல பழைய இரும்பு எடுத்துக்கிட்டிருந்தான். அவனைக் கூப்பிட்டு, சனிக்கிழமை காலையில வந்து என் மூட்டையை எடுத்துக்கன்னு சொன்னேன். பல்லைக் காட்டிக்கிட்டு எடுத்தான். கூலியும் கம்மி, பகல்ல வாரான், எதுத்துப் பேச மாட்டான். எங்க கொண்டு போய்ப் போடுதான்னு நான் கேக்கலை. எதுக்குக் கேக்கணும்? வாசல் தாண்டுனா அது என் குப்பையா? கல்யாணம் பண்ணிக் குடுத்த பிள்ளையா, போன இடத்துல நல்லா இருக்கான்னு விசாரிக்க?

பக்கத்து வீட்டுக்காரி பாத்தா. அவளும் அவனுக்குக் குடுத்தா. அதுக்குக் கீழ வீட்டுக்காரியும் குடுத்தா. மேட்டு வீடுக பாதிக்கு மேல பக்காரிக்கு மாறிடுச்சு. எல்லாரும் என்னையப் பாத்துத்தான் மாறுனாங்க, தெரியுமா? அந்த ஊருல எனக்கு அப்படி ஒரு மதிப்பு.

மாமா ரெஹெமா கூட்டத்துல ரெண்டு பேரு விலகிட்டாளுக. கூலி கட்டுப்படியாகலையாம். ஒருத்தி மறுபடியும் மீன் பொரிச்சு விக்கப் போயிட்டா. தெருத் தலைவரு, ஹமீசின்னு பேரு, கண்ணாடி போட்டுக்கிட்டுப் பதவிசாப் பேசுற மனுசன், அவரு சொல்லிட்டாரு: சந்துல பாதி வீடு உங்ககிட்ட இல்ல, மழை முடிஞ்ச உடனே கூட்டம் போடுவோம், சந்து யாருக்குன்னு முடிவு பண்ணுவோம்னு. பக்காரி புதுச் சட்டை போட்டுக்கிட்டுத் திரிஞ்சான். மாமா ரெஹெமா எங்க வாசல் வழியா வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போகும்போது என்னைய நிமிந்துகூடப் பாக்கலை. திமிரு. மக ரெஹெமாவை நர்ஸ் படிப்புக்குச் சேத்திருந்தா. அந்த வண்டி நின்னா படிப்பும் நிக்கும்னு சந்துக்கே தெரியும். அப்பக்கூட வந்து என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை பாரு. கேட்டிருந்தா நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?

விருதுநகர் வந்துருச்சா? இறங்கணுமா? இல்லேல்ல, உக்காரு உக்காரு. தண்ணி குடிச்சிட்டுச் சொல்லுதேன்.

மழை வந்துச்சு. அங்க மழைன்னா நம்ம ஐப்பசி மழையெல்லாம் சும்மா. ராத்திரி பூராம் தகரத்துல கொட்டுது, பக்கத்துல படுத்திருக்கிற ஆளு பேசுறது கேக்காது. எங்க வீடு மேட்டுல இருக்கு, எங்களுக்கு ஒரு சொட்டு வரலை. கீழ ஓடை அடைச்சுக்கிட்டு, தண்ணி திரும்பி வீடுகளுக்குள்ள ஏறிடுச்சு. மாமா ரெஹெமா வீடு ஓடைக்கு முந்தின வீடு.

விடிஞ்சா வெள்ளிக்கிழமை. மழை நின்ன உடனே நான் வாசல் தெளிச்சு, அழகா ஒரு படிக்கோலம் போட்டுட்டு நிமிருதேன். சந்துலருந்து மாமா ரெஹெமா ஏறி வாரா. முழங்கால் வரைக்கும் சேறு. தலையில ஒரு நீல பேசின். பின்னாலயே பாதிச் சந்து வருது. நேரா வந்தா. பேசினை இறக்குனா. எங்க இறக்குனான்னு நினைக்கிற? கோலத்து நடுவுல!

வெள்ளிக்கிழமை காலையில, மஹாலட்சுமி வர்ற வாசல்ல, நடுக் கோலத்துல, சாக்கடைக் குப்பை.

பேசினுக்குள்ள மூட்டைக. சேறும் சகதியுமா. ஒரு மூட்டை கிழிஞ்சு உள்ள இருக்கிறது வெளிய பிதுங்குது. சாத்தூர் காராச்சேவு பாக்கெட்டு. மிளகாப்பொடி பாக்கெட்டு. என் தங்கச்சி குடுத்துவிட்ட பொரிகடலைப் பாக்கெட்டு. எல்லாத்துலயும் கொட்டை கொட்டையாத் தமிழ் எழுத்து. சொன்னா நம்ப மாட்ட, அந்த ஊருல எங்கயாவது தமிழ் எழுத்தைப் பாத்தா எனக்குக் கண்ணு கலங்கிடும். அன்னிக்கு அதைப் பாக்கவே பிடிக்கலை.

மாமா ரெஹெமா ஒரு பாக்கெட்டை எடுத்து என் முகத்துக்கு நேரா நீட்டுனா.

"இது யாரு எழுத்து?"

நான் கோலத்தையே பாத்தேன்.

"ராத்திரி இது என் பாய் மேல மிதந்துச்சு. என் மக புத்தகம் மேல மிதந்துச்சு. எங்க யாருக்கும் வாசிக்கத் தெரியலை. நீ வாசிச்சுச் சொல்லு, இது யாரு வீட்டுது?"

"முதல்ல அதைக் கோலத்தை விட்டு எடு"ன்னேன் நான்.

பின்ன என்ன சொல்லச் சொல்லுற? கோலம் முக்கியமில்லையா?

அங்க ஒரு வார்த்தை இருக்கு, போலேன்னு. யாருக்கு என்ன கஷ்டம்னாலும் அதைச் சொல்லுவாங்க. காலு தடுக்குனா போலே. காய்ச்சல்னா போலே. தலையில சுமையோட ஒருத்தி எதுக்க வந்தாக்கூடப் போலே. சின்ன வார்த்தைதான், காசா பணமா. அன்னிக்குச் சந்தே மாமா ரெஹெமாவுக்குப் போலே போலேன்னு சொல்லிக்கிட்டிருந்துச்சு. நான் சொல்லலை. வாசல்ல குப்பையைக் கொட்டுனவளுக்கு எதுக்குச் சொல்லணும்?

அவ பேசினைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. கோலத்துல வட்டமா ஒரு சேத்துத் தடம். தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுனேன், சிமெண்டுல ஊறிப் போச்சு, முழுசாப் போகலை.

ஞாயித்துக்கிழமை கூட்டம். தெருத் தலைவரு வீட்டு மாமரத்தடியில எல்லாரும் நிக்காங்க. பேசினும் அங்க நடுவுல இருக்கு, அதையும் கொண்டு வந்துட்டாளுக. எங்க வீட்டுக்காரரு, "நீ போகாத, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்ட"ன்னாரு. அதுக்குத்தான் போனேன்.

தலைவரு பக்காரியைக் கேக்காரு, நீ எடுத்த குப்பையெல்லாம் எங்க கொண்டு போன?

"ஊருக்கு வெளிய, பெரிய குப்பை மேட்டுக்கு"ன்னான், கண்ணை மூடித் திறக்காம.

"அப்ப இந்த மூட்டை எப்படி ஓடைக்கு வந்துச்சு?"

அவன் என்னையத் திரும்பிப் பாத்தான். பாத்துட்டு என்ன சொன்னான் தெரியுமா? "மாமா மதி என்கிட்டப் பாதிதான் குடுப்பா. மிச்சத்தை அவளே ஓடையில போட்டிருப்பா"ன்னான்.

என் காலுலருந்து தலை வரைக்கும் எரிஞ்சது தாயி. நானா? வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிச்சுட்டு விளக்கு வைக்கிற நான், சாக்கடைக்குக் குப்பையைத் தூக்கிட்டுப் போனேனா? மாமா ரெஹெமா என்னைய என்ன வேணா சொல்லட்டும், அவளுக்கு ஒரு தரம் இருக்கு. இந்தப் பய சொல்லுதான்!

நேரா நடுவுல போய் நின்னேன். பேசினுக்குள்ள கையை விட்டேன். ஆமா, கையைத்தான் விட்டேன், அந்தச் சேத்துக்குள்ள. ஒரு முழு மூட்டையை எடுத்து எல்லாருக்கும் தெரியத் தூக்கிப் பிடிச்சேன்.

"இந்த முடிச்சைப் பாருங்க"ன்னேன்.

பிரஸ்ல நோட்டு பண்டல் கட்டுற வெள்ளை நூலு எங்க வீட்டுல நிறையக் கிடக்கும். குப்பை மூட்டையை நான் அதுலதான் கட்டுவேன். பூக்கட்டிப் பழகுன கை பாத்துக்கோ, எதைக் கட்டுனாலும் பூ முடிச்சுதான் விழும். சுத்தி, மாட்டி, இழுத்தா, கல்லு மாதிரி நிக்கும். அந்தச் சந்துல அப்படி முடிச்சுப் போட வேற யாருக்குத் தெரியும்?

"இது என் குப்பைதான்"ன்னேன். "என் வீட்டுதுதான், என் கையாலதான் கட்டுனேன். ஓடையில போடுறவ வாளியோட கொட்டிட்டுப் போவாளா, மெனக்கெட்டு முடிச்சுப் போடுவாளா? இன்னொருத்தன் கையில குடுக்கிறதுக்குத்தான் ஒருத்தி மூட்டை கட்டுவா. நான் கட்டி இவன் கையில குடுத்தேன். இவன் அவுக்கக்கூட இல்ல, அப்படியே கொண்டு போய் ஓடையில எறிஞ்சிருக்கான்!"

என் கிஸ்வாஹிலி அரைகுறைதான். ஆனா அன்னிக்கு ஒரு வார்த்தை தட்டலை. கோவம் வந்தா எந்தப் பாஷையும் வரும்.

மத்த வீட்டுக்காரிகளும் பேசினுக்குள்ள கையை விட்டாளுக. இது என் பை, இது என் பிள்ளை சட்டைன்னு ஒவ்வொண்ணா எடுத்தாளுக. எல்லாம் பக்காரி கையில குடுத்தது. அவன் மெதுவாப் பின்னால நகந்தான், நகந்து நகந்து காணாமப் போயிட்டான். தலைவரு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டு, சந்து பொம்பளைகளுக்குத்தான், எல்லா வீடும் அவங்ககிட்டத்தான் குடுக்கணும்னு சொல்லிட்டாரு. ஒரே கைதட்டல்.

யாரால? நீயே சொல்லு, யாரால? நான் மட்டும் அந்த முடிச்சைக் காட்டலைன்னா? அவ மக நர்ஸ் படிப்பு அன்னிக்கே போயிருக்கும். மாமா ரெஹெமா வந்து என் கையைப் பிடிச்சு ஒரு அசாந்தே, அங்க நன்றிக்கு அதான் வார்த்தை, அது சொல்லியிருக்கணுமா இல்லையா? வரலை. பேசினை இடுப்புல வச்சுக்கிட்டு என் பக்கத்துல வந்து நின்னா. "வெள்ளிக்கிழமை. சாயங்காலம். கடைசி வீடு"ன்னா. போயிட்டா.

எப்படி இருக்கு பாரு!

சரி, சந்துக்குள்ள வேற ஆளு இல்ல, குப்பையைத் தலைமாட்டுலயா வச்சுக்கிட முடியும்? ஆனா நான் தோத்துட்டேன்னு மட்டும் நினைக்காத. விளக்கு வச்சப்புறம் குப்பை வெளிய போகக் கூடாது, அவ்வளவுதான சாஸ்திரம்? நான் இன்னிக்கு வரைக்கும் ஒரு நாளுகூட விளக்கு வச்சப்புறம் குப்பை குடுத்ததில்ல. வண்டி வந்துட்டுப் போற வரைக்கும் விளக்கு வைக்கிறதில்ல. திரியைப் போட்டு, எண்ணெயை ஊத்தி, தீப்பெட்டியைக் கையில வச்சுக்கிட்டு வாசப்படியில உக்காந்திருப்பேன். எங்க வீட்டுக்காரரு, "லட்சுமியைக் குப்பை வண்டிக்காகக் காக்க வச்ச முதல் ஆளு நீதான்"ங்காரு. காத்திருக்கட்டும். அவளும் பொம்பளைதான, அவளுக்குத் தெரியாதா.

ஊருக்குக் கிளம்புறதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. மறுபடியும் மழை பெய்ஞ்சு ஓய்ஞ்சிருக்கு. இருட்டிக்கிட்டு வருது, வண்டியைக் காணோம். எட்டிப் பாத்தா, எங்க வீட்டுக்குக் கீழயே மேடு ஏற முடியாம சேத்துல சக்கரம் மாட்டிக்கிட்டு நிக்கு. வண்டி ரொம்பி வழியுது, இப்ப எல்லா வீடும் அவகிட்டத்தான குடுக்கு. மீன் பொரிக்கப் போனவ இன்னும் திரும்பலை. முன்னால ஒருத்தி இழுக்கா, பின்னால மாமா ரெஹெமா தோளைக் குடுத்துத் தள்ளுதா. கழுத்து நரம்பெல்லாம் புடைச்சு நிக்கு. நான் தீப்பெட்டியோட வாசல்ல நிக்கிறதைப் பாத்துட்டா.

"போலே, மாமா மதி"ன்னா. உனக்கு விளக்கு நேரம் தப்புதேன்னு.

எனக்குப் போலே சொல்லுதா! வண்டிக்குக் கீழ நசுங்கிக்கிட்டு இருக்கா, எனக்குச் சொல்லுதா!

தீப்பெட்டியைப் படியில வச்சேன். சேலையைத் தூக்கிச் சொருகுனேன். இறங்கிப் போய் அவ பக்கத்துல தோளைக் குடுத்துத் தள்ளுனேன். குப்பை வண்டியைத் தள்ளுதோம்னு தள்ளலை, தெரிஞ்சுக்கோ. விளக்குக்கு நேரமாயிடுச்சேன்னு தள்ளுனேன். எவ்வளவு கனம்ங்குற! இவ்வளவு கனத்தை வாரா வாரம் எப்படித் தூக்குதாளுகன்னு தெரியலை. சக்கரம் வழுக்குச்சு, மறுபடி தள்ளுனோம், தூக்கிவிட்ட மாதிரி மேல ஏறிடுச்சு. மூச்சு வாங்குது எனக்கு. அந்த மூச்சோட வாயிலருந்து ஒரு வார்த்தை வந்துடுச்சு. போலே.

அவ சட்டுன்னு திரும்பி என்னையப் பாத்தா. நான் வண்டியைப் பாத்துக்கிட்டே நின்னேன். வண்டிக்குத்தான் சொன்னேன். ஆமா, வண்டிக்குத்தான்.

அந்தா, சாத்தூர் லைட்டு தெரியுது. கடலை தீந்துடுச்சா? கடைசித் தொலியையும் இதுல போடு, சிந்தாமப் போடு. கவரைக் கொண்டா, முடிச்சுப் போட்டுருவோம். எங்க தூக்கிட்டுப் போறேன்னா கேக்குற? நல்லாக் கேட்டியே. பஸ் ஸ்டாண்டுல தொட்டி இருந்தாப் போடுவேன், இல்லேன்னா வீட்டுக்குக் கொண்டு போவேன். இன்னிக்கும் வெள்ளிக்கிழமைதான், ஆனா மக இன்னும் விளக்கு வச்சிருக்க மாட்டா, நான் வர்ற வரைக்கும் வைக்காதன்னு போன்லயே சொல்லிட்டேன்.